யார் கடைப்பிடிக்க வைப்பது?

ஆங்கிலத்தில் 'என்ஃபோர்ஸ்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. சட்டத்தோடு வரும், ஒப்பந்தத்தோடு வரும், நீதிமன்றத் தீர்ப்போடு வரும், நீச்சல்குளத்துச் சுவரில் மாட்டிய விதிப்பலகையிலும் வரும். டூரின் நகரத்தில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், ஆங்கிலக் காகிதங்களை இத்தாலியனுக்குக் கொண்டுபோகும் வேலையில் நான் பல ஆண்டுகள் இருந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு நேராக எழுத இத்தாலியனில் ஒரு சொல் இல்லை. ஐந்தாறு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு ஆளைக் கூடவே அழைத்துவரும்.

அந்தத் தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு: அவரவர் தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்க்க வேண்டும். பெரூஜாவில் வெளிநாட்டினருக்கான பல்கலைக்கழகத்தில் இத்தாலியன் படித்த மதுரைக்காரன் எழுதுவது அப்படியே வாடிக்கையாளர் கைக்குப் போகாது. முதல் வரைவு என்னுடையது. அதைத் திருத்துபவர் ஒரு மூத்த பெண்மணி, கூனேயோ மாகாணத்துக்காரர். இளம் வயதில் ஒரு நோத்தாயோவிடம், அதாவது பத்திரங்களுக்குச் சட்ட வலு கொடுக்கும் அதிகாரியிடம், எழுத்தராக இருந்தவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'சிஞ்ஞோரா'. என் வரைவையும் ஆங்கில மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பார். என்ஃபோர்ஸ் வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவார்: 'கி?' யார் என்று பொருள்.

அதை அவர் எழுதியது என் வரைவில் அல்ல, மூலத்தின் ஓரத்தில். கேள்வி மொழிபெயர்த்தவனுக்கு இல்லை, முதலில் எழுதியவருக்கு.

யார் என்று தெரிந்துவிட்டால் இத்தாலியச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தீர்ப்பு நகலோடு நீதிமன்ற ஊழியர், நம் ஊர்க் கோர்ட் அமீனாவைப் போன்றவர், கடன்காரர் வீட்டுக் கதவைத் தட்டுகிறாரா? அது 'தாரே எசெகுத்ஸியோனே', நிறைவேற்றம் தருதல். ஓர் அரசு அலுவலகம் சட்டத்தை எடுத்து ஒரு விவகாரத்தின்மேல் பொருத்துகிறதா? 'அப்ளிகாரே'. உரிமை உடையவரே தன் உரிமை செல்லுபடியாக வேண்டும் என்று முன்வந்து நிற்கிறாரா? 'ஃபார் வலேரே'. மேலே இருப்பவர் கீழே இருப்பவர்மேல் சுமத்துகிறாரா? 'இம்போர்ரே'. காவலரோ, ஆசிரியரோ, ஆட்ட நடுவரோ, மற்றவர்கள் விதியை மதித்து நடக்கும்படி பார்த்துக்கொள்கிறாரா? 'ஃபார் ரிஸ்பெத்தாரே', மதிக்கச் செய்தல்.

ஆங்கிலச் சொல்லுக்குள் பலம் இருக்கிறது, அந்தப் பலத்தைப் பிரயோகிப்பவர் இல்லை. செயப்பாட்டு வினையாக்கிவிட்டால் எழுவாயே வேண்டாம். 'விதிகள் என்ஃபோர்ஸ் செய்யப்படும்' என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம். வாக்கியம் முழுமையாக இருக்கும், கேட்க உறுதியாகவும் இருக்கும்.

ஃபார் ரிஸ்பெத்தாரே எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது. அதற்குக் காரணம் தமிழ். உண்டான், ஊட்டினான், நடந்தான், நடத்தினான், திருந்தினான், திருத்தினான் என்று தன்வினையும் பிறவினையும் வாய்ப்பாடாகச் சொல்லி வளர்ந்த காதுக்கு அது சொந்தக்காரர் குரல் மாதிரி இருந்தது. இத்தாலியன் 'ஃபாரே', அதாவது 'செய்', என்ற வினையை முன்னால் நிறுத்தி நம் பிறவினை செய்யும் வேலையைச் செய்கிறது. பிறவினையில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும்: திருத்துகிறவர், திருந்துகிறவர். நாம் செய்திகளில் எழுதும் 'அமல்படுத்து' என்ற சொல்லிலும் 'படுத்து' இருக்கிறது, ஆனால் அங்கே படுவது சட்டம். 'கடைப்பிடிக்கச் செய்' என்று சொன்னால்தான் கடைப்பிடிக்கும் மனிதரும், கடைப்பிடிக்க வைக்கும் மனிதரும் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். இத்தாலியனின் நல்ல சொல்லும் அப்படித்தான் இருவரையும் நிறுத்துகிறது. சிஞ்ஞோராவிடம் இதை ஒரு நாள் காகிதத்தில் எழுதிக் காட்டி விளக்கினேன். நடந்தான், நடத்தினான் என்று அவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். 'ட' அவருக்குக் கஷ்டமாக இருந்தது, இலக்கணம் உடனே பிடிபட்டது. "உங்கள் மொழியில் இதற்கு வினைக்குள்ளேயே இடம் வைத்திருக்கிறீர்கள். நாங்கள் பக்கத்தில் இன்னொரு வினையை வாடகைக்கு எடுக்கிறோம்," என்றார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் எங்கள் மேசையில் எப்போதும் விரிந்துகிடக்கும். ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகள் எல்லாவற்றிலும் ஒரு சட்டத்தின் வாசகம் சமமான அசல். ஆங்கிலம் மூலம், மற்றவை மொழிபெயர்ப்பு என்று வாதாட முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 1982-ல் சில்ஃபிட் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இறக்குமதியாகும் கம்பளிக்கு வாங்கிய சுகாதாரப் பரிசோதனைக் கட்டணம் பற்றி இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அனுப்பிவைத்த கேள்வி அது. ஆகவே நாங்கள் ஆங்கில, இத்தாலியத் தலைப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது வேலையும்தான், படிப்பும்தான். 2004-ன் 48-ஆம் நெறியாணை அறிவுசார் சொத்துரிமைகள் பற்றியது. ஆங்கிலத் தலைப்பில் அவற்றின் 'என்ஃபோர்ஸ்மென்ட்'. இத்தாலியத் தலைப்பில் 'ரிஸ்பெத்தோ', மதிப்பு. பிரெஞ்சிலும் மதிப்புதான். அயல்நாட்டுத் தீர்ப்புகளைப் பற்றிய 2001-ன் 44-ஆம் ஒழுங்குமுறையில் அதே ஆங்கிலச் சொல்லுக்கு 'எசெகுத்ஸியோனே', நிறைவேற்றம். வேறு நாட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படும் தொழிலாளர் பற்றிய 2014-ன் 67-ஆம் நெறியாணையில் 'அப்ளிகாத்ஸியோனே', பொருத்திச் செயல்படுத்தல்.

மூன்று தலைப்பு, மூன்று சொல். மூன்றும் சரி என்பதே என் எண்ணம். தீர்ப்பு என்றால் அமீனா வருவார். தொழிலாளர் சட்டம் என்றால் அரசு அலுவலகம் வரும். படைப்புரிமையை மதிக்க வேண்டியவர்கள் உலகத்தில் உள்ள எல்லோரும். சிஞ்ஞோராவுக்கு 'ரிஸ்பெத்தோ' என்ற சொல்மேல் மட்டும் மனத்தாங்கல். அந்த நெறியாணையைப் புரட்டினால் சாட்சியங்களைக் கைப்பற்றுவதும், சரக்கை முடக்குவதும், தடையாணையும்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. "தலைப்பில் மரியாதை, உள்ளே ஜப்தி. படிக்கிறவருக்கு வாசலிலேயே சொல்ல வேண்டாமா?" என்பார்.

ஒப்பந்தங்களில் கதை வேறு. ஆங்கில ஒப்பந்தத்தின் வால்பகுதியில் தவறாமல் ஒரு கூறு வரும்: ஒரு தரப்பு ஏதாவது ஒரு விதியை என்ஃபோர்ஸ் செய்யத் தவறினாலும், அது அந்த உரிமையைக் கைவிட்டதாக ஆகாது. அதை எதிர்கொள்ளும் கூறு இத்தாலிய ஒப்பந்தங்களில் தொன்றுதொட்டு இருக்கிறது. அதன் பெயர் 'தொல்லெரான்த்ஸா', பொறுத்துக்கொள்ளுதல். மற்ற தரப்பின் மீறலை ஒருவர் பொறுத்துக்கொண்டார் என்பதால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் தவறல், இத்தாலியனில் பொறுமை. இரண்டுக்கும் சட்டப் பயன் ஒன்றுதான். ஆனால் வாடகை தாமதமாக வந்த மாதங்களில் வாய் திறக்காத வீட்டுக்காரரை ஓர் ஒப்பந்தம் கடமை தவறியவராகவும், இன்னோர் ஒப்பந்தம் பொறுத்துப் போனவராகவும் வரைகிறது. நான் இத்தாலியனின் பக்கம். ஊர் உலகத்தில் பெரும்பாலான விதிகள் செலுத்தப்படாமல் இருப்பது யாரோ ஒருவர் இன்னொருவர்மேல் இரக்கம் காட்டுவதால்தான். அந்த இரக்கத்தை அவருக்கு எதிராகத் திருப்பக் கூடாது என்பதே அந்தக் கூறின் உயிர். அந்த இடத்தை மொழிபெயர்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

நீதிமன்றம் துணைக்கு வராத கடன்களும் உண்டு. சூதாட்டத்தில் தோற்ற பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது இத்தாலிய சிவில் சட்டத்தின் 1933-ஆம் பிரிவு. தோற்றவர் தானாகக் கொடுத்துவிட்டால் திருப்பிக் கேட்கவும் முடியாது. கடன் இருக்கிறது, அதை வசூலித்துத் தர ஆள் இல்லை. ஆங்கிலத்தின் 'அன்என்ஃபோர்சபிள்' என்ற சொல் வந்தால் இந்த மாதிரிக் கடனா, செல்லாத ஒப்பந்தமா, காலாவதியான உரிமையா என்று முதலில் விசாரித்தாக வேண்டும்.

யார் என்ற கேள்வியை இத்தாலியச் சட்டமே கேட்டு, பதிலைச் சுவரில் எழுதச் சொன்ன ஓர் இடம் உண்டு. 2005 ஜனவரி 10 முதல் உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் அலுவலகங்களிலும் புகைப்பது தடை செய்யப்பட்டது. 2003-ன் 3-ஆம் சட்டம், 51-ஆம் பிரிவு. அப்போதைய சுகாதார அமைச்சரின் பெயரால் சிர்க்கியா சட்டம் என்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் நான் டூரினில் இருந்தேன். காப்பிக் கோப்பையும் சிகரெட்டும் ஒட்டிப் பிறந்த நாடு. எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் இந்தச் சட்டம் நிலைக்கும் என்று நம்பவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே போர்த்தா பலாத்ஸோ சந்தையைச் சுற்றியுள்ள கடைகளின் வாசலில், பனிக்குளிரில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆட்கள் வெளியே நின்று புகைத்தார்கள். உள்ளே காற்று தெளிந்திருந்தது. அபராதம் 27.50 யூரோவிலிருந்து 275 யூரோ வரை. கர்ப்பிணிகளோ 12 வயது வரையிலான குழந்தைகளோ பக்கத்தில் இருந்தால் இரட்டிப்பு.

அந்தத் தடைப்பலகையைப் பாருங்கள். 'புகைக்கக் கூடாது' என்பதோடு நிற்காது. எந்தச் சட்டம், எவ்வளவு அபராதம் என்று இருக்கும். அதற்குக் கீழே, இந்தத் தடை கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கண்காணிக்க வேண்டியவர் என்று ஒரு வரி. பக்கத்தில் பெயர் எழுத இடம். மீறலைப் பதிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்று இன்னொரு வரி. அந்தப் பெயர் இடத்தில் கடைக்காரர் தம் பெயரைக் கையால் எழுதியிருக்கும் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். கோடு வெறுமையாக இருக்கும் பலகைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் போலீஸ்காரர் வேலை பார்க்க வேண்டுமா என்று அப்போது பெரிய சர்ச்சையே நடந்தது. சர்ச்சை நடக்க முடிந்ததற்குக் காரணமே, பலகை யார் என்று கேட்டதுதான். ஒரு விடுதிக்காரர் தம் அயல்நாட்டுத் தலைமை அலுவலகம் அனுப்பிய ஆங்கில அறிவிப்பை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார். 'இவ்விதி கண்டிப்பாக என்ஃபோர்ஸ் செய்யப்படும்' என்று இருந்தது. சிஞ்ஞோரா அவரிடம், "இதை மொழிபெயர்க்கிறேன், ஆனால் இங்கே இது மட்டும் போதாது. உங்கள் விடுதியில் அந்த ஆள் யார்? பெயர் சொல்லுங்கள்," என்றார். அவர் தம் வரவேற்பு மேலாளரின் பெயரைச் சொன்னார். அந்த மேலாளருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தாலியர்கள் இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறார்கள். அலெஸ்ஸாந்த்ரோ மன்ட்ஸோனியின் 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' நாவல் அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாடம். கதை தொடங்குவது 1628 நவம்பர் 7-ஆம் தேதி மாலையில். ஏழை ஜோடிக்குக் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது என்று கிராமத்துப் பாதிரியாரை இரண்டு அடியாட்கள் வழிமறித்து மிரட்டுகிறார்கள். அந்த இடத்தில் மன்ட்ஸோனி கதையை நிறுத்திவிட்டு, அந்த மாதிரி அடியாட்களுக்கு எதிராக மிலானின் ஸ்பானிய ஆளுநர்கள் போட்ட ஆணைகளை வரிசைப்படுத்துகிறார்: 1583, 1584, 1593, 1598, 1600, 1612, 1618, 1627. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடுமை. சித்திரவதை, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை என்று ஏறிக்கொண்டே போகும். அவ்வளவு ஆணைகளுக்குப் பிறகும் 1628-ல் அந்த இரண்டு பேர் பாதையில் நிற்கிறார்கள். சுமத்துவதற்கு ஆள் இருந்தார்கள்; மதிக்கச் செய்வதற்கு இல்லை. இம்போர்ரேக்கும் ஃபார் ரிஸ்பெத்தாரேக்கும் உள்ள தூரத்தை எந்த அகராதியும் எனக்கு அந்த அளவுக்குச் சொல்லித்தரவில்லை. திருமணம் தடைபட்ட இளைஞன் ரென்ட்ஸோ வக்கீலிடம் போகும்போது அவர் அதே ஆளுநர்களின் இன்னோர் ஆணையை எடுத்து அவனுக்குப் படித்துக்காட்டுகிறார். ரென்ட்ஸோவுக்குச் சட்டம் தன் பக்கம் இருப்பதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம். மிரட்டச் செய்தவர் யார் என்று தெரிந்ததும் வக்கீல் அவனை வெளியே அனுப்பிவிடுகிறார். இந்த அத்தியாயத்தை என்னால் இன்றைக்கும் கோபம் வராமல் படிக்க முடியாது.

டூரினில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் பயிற்சி மையம் போ ஆற்றங்கரையில் 1960-களிலிருந்து இருக்கிறது. தொழிலாளர் சட்டம் பற்றிய பேச்சு அந்த ஊர்க் காற்றில் உண்டு. எங்களுக்கும் அந்த வகைக் காகிதங்கள் வரும். தொழிற்சாலை, கடைகளுக்கான ஆய்வு பற்றிய 1947-ன் 81-ஆம் உடன்படிக்கையும், விவசாயத்துக்கான 1969-ன் 129-ஆம் உடன்படிக்கையும் ஆய்வாளரின் முதல் கடமையை ஒரே மாதிரிதான் சொல்கின்றன. ஆங்கில வாசகத்தில் சட்ட விதிகளின் 'என்ஃபோர்ஸ்மென்ட்', பிரெஞ்சு வாசகத்தில் 'அப்ளிகாசியோன்'. இரண்டும் அசல். அந்த உடன்படிக்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு விதிகள். ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் பகலிலும் இரவிலும் வேலைத்தலத்துக்குள் நுழையலாம். புகார் சொன்னவர் யார் என்பதை அவர் முதலாளியிடம் சொல்லவே கூடாது. எழுதியவர்கள் தொழிலாளியின் பயத்தை அறிந்தவர்கள்.

கூனேயோ மாகாணத்தில், மோன்விஸோ மலையின் அடிவாரத்தில் சலுத்ஸோ என்ற ஊர். சுற்றிலும் பீச், ஆப்பிள், கிவித் தோட்டங்கள். கோடையில் பழம் பறிக்க மாலி, செனகல், காம்பியா, புர்கினா ஃபாஸோ என்று மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்கு வந்தவர்கள் அங்கே கூடுவார்கள். தங்க இடம் கிடைக்காதவர்கள் பழைய மாட்டுச்சந்தைத் திடலில் கூடாரம் போட்டுக் கிடந்த கோடைகள் உண்டு. கபொராலே என்ற வேலைத்தரகர் வழியாக ஆள் எடுத்துச் சுரண்டுவதை 2011 முதலே குற்றவியல் சட்டம் தண்டிக்கிறது. 2016-ன் 199-ஆம் சட்டம் அதை விரிவாக்கி, அப்படி ஆட்களை வேலைக்கு வைக்கும் முதலாளியையும் குற்றவாளியாக்கியது. சட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் 2024 ஜூனில் ரோமுக்குத் தெற்கே லத்தீனா வயல்களில், எந்திரத்தில் கை அறுபட்ட இந்தியத் தொழிலாளர் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அவர் குடியிருந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர் இறந்துபோனார். பஞ்சாபிலிருந்து பிழைக்க வந்தவர்.

சலுத்ஸோ தொழிலாளர்களுக்காக ஒரு தன்னார்வக் குழு ஆங்கிலத்தில் துண்டுப்பிரசுரம் எழுதி, தோட்டக்காரர்களும் ஊர் அதிகாரிகளும் படிக்க இத்தாலியனில் வேண்டும் என்று எங்களிடம் கொண்டுவந்தது. நல்ல மனதோடு எழுதியது. கூலியும் வேலை நேரமும் மாகாண விவசாயக் கூலி ஒப்பந்தத்தில் நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன, இந்த விதிகள் என்ஃபோர்ஸ் செய்யப்படுகின்றன என்று ஒரு வாக்கியம். சிஞ்ஞோரா அப்போது ஓய்வு பெற்றிருந்தார், ஆனால் தம் மாகாணத்து விஷயம் என்பதால் வந்து உட்கார்ந்தார். ஓரத்தில் 'கி?' விழுந்தது. கொண்டுவந்த இளைஞரிடம் கேட்டோம். "அரசாங்கம்தானே," என்றார். "அரசாங்கத்தில் எந்த வாசல், தம்பி? அங்கே போய் நின்று யாரைக் கேட்பது?" என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனார்.

தொழிற்சங்கம், தொழிலாளர் ஆய்வு அலுவலகம் எல்லாம் ஏறி இறங்கித் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு வாக்கியத்துக்குப் பதில் மூன்று இருந்தன. ஒன்று: குறைவான கூலி வாங்கிய தொழிலாளி, சங்கத்தின் துணையோடு, தொழிலாளர் நீதிபதியிடம் தம் உரிமையை முன்வைக்கலாம், அது ஃபார் வலேரே. இரண்டு: ஆய்வாளர் தோட்டத்துக்கு வந்து விதிகளை மதிக்கச் செய்யலாம், ஃபார் ரிஸ்பெத்தாரே. மூன்று: பாக்கிக் கூலியை இவ்வளவு என்று ஆய்வாளரே கணக்கிட்டு முதலாளிக்கு ஆணை கொடுக்க 2004-ன் 124-ஆம் சட்ட ஆணையில் வழி இருக்கிறது. முதலாளி பணமும் கொடுக்காமல் உரிய காலத்தில் எதிர்க்கவும் செய்யாவிட்டால் அந்த ஆணை தீர்ப்பைப் போலவே நிறைவேற்றத் தக்கதாகிவிடும், அதை வைத்து அமீனாவை அனுப்பலாம்; தாரே எசெகுத்ஸியோனே. மூன்று வினைகளையும் மூன்று தனி வாக்கியங்களாகப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் இருந்தது. புகார் சொன்னவர் பெயர் வெளியே போகாது என்பதையும் தனி வரியாகச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

சில நாட்களில் அந்த இளைஞர் மறுபடி வந்தார். திடலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுபவர்களுக்கு எங்கள் இத்தாலிய வாசகத்தை வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர்கள் பழைய ஆங்கிலப் பிரசுரத்தை வைத்துவிட்டு, இப்போது சொன்னதை எழுதிக் கொடு என்றார்களாம். அந்தக் கோடையில் சலுத்ஸோவில் கொடுத்த ஆங்கிலப் பிரசுரமும் பிரெஞ்சுப் பிரசுரமும் எங்கள் இத்தாலியனிலிருந்து மொழிபெயர்த்தவை. என்ஃபோர்ஸ் என்ற சொல் அவற்றில் எங்கும் இல்லை. கூனேயோ ஆய்வு அலுவலகத்தின் முகவரி இருந்தது, எந்தக் கிழமைகளில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது இருந்தது, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் வழியும் இருந்தது.